"வயசானா அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள்!



நம் தோட்டப்புற லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் அன்றாடம் காதில் விழுகின்ற பேச்சு ஒன்று உண்டு. தாத்தாவுக்குக் கண் மங்குகிறதா? "வயசானா அப்படித்தான்." பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாரா? "வயசானா அப்படித்தான்." அப்பா சற்று முன் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடியும் சோறு கேட்கிறாரா? அதற்கும் அதே பதில்தான்!

சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால், இந்த ஒரு பேச்சினால் காப்பாற்றியிருக்கக்கூடிய கண்கள் இருண்டு போயிருக்கின்றன. நடமாடிக்கொண்டிருந்தவர்கள் படுக்கையில் விழுந்திருக்கிறார்கள். மருந்தில் தீரக்கூடிய வியாதி முற்றிப்போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது.

முதுமையில் இயற்கையாக வருவது எது? வியாதியால் வருவது எது? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், நம் வீட்டுப் பெரியவர்களின் கடைசிக் காலத்தை எவ்வளவோ நல்லபடியாக ஆக்கலாம். பெரியவர்கள் இருக்கின்ற வீட்டார் மட்டுமல்ல, 40 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நாளைக்கு நமக்கும் அந்த வயது வரத்தானே போகிறது?

உழைத்த உடம்பு உட்காரலாமா?

மலேசியாவில் 60 வயதை எட்டியவர்களை மூத்த குடிமக்கள் என்று அரசாங்கம் கணக்கிடுகின்றது. முன்பு தோட்டத்தில் 55 வயதானதும் பேர் வெட்டப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். 2012ஆம் ஆண்டின் சட்டம் 2013 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த பிறகுதான், தனியார் துறையில் ஓய்வு வயது குறைந்தது 60 என்று ஆயிற்று.

வேலை நின்ற மறுநாளே பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? "இத்தனை காலம் உழைச்சது போதும்பா. இனி நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம். சும்மா உட்காருங்க." பாசத்தோடு சொல்கின்ற வார்த்தைதான். ஆனால், அந்த உடம்புக்கு அதுவே கேடாக முடிகிறது.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய், மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால் வாளிகளைத் தோள் மாற்றிச் சுமந்த உடம்பு அது. அல்லது செம்பனைக் குலைகளை வெட்டிச் சரித்த உடம்பு. அப்படிப்பட்டவரை ஒரே நாளில் நாற்காலியில் உட்கார வைத்தால் தசைகள் கரைந்து போகும். முப்பது வயதுக்கு மேல் எல்லாருக்குமே தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. 60க்குப் பிறகு அது வேகமாகக் குறைகிறது. முதலில் தளர்வது தொடைதான். நாற்காலியின் கையைப் பிடித்து உந்தினால்தான் எழுந்திருக்க முடிகிறது என்றால், தொடை பலம் குறைந்துவிட்டது என்று பொருள்.

இழந்த பலம் திரும்பவே திரும்பாதா? திரும்பும்! 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்யப்பட்ட ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு, மேற்பார்வையோடு 8 வாரங்கள் கால்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் முன்பிருந்ததைப்போல் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியது. தொண்ணூறிலேயே முடிகிறது என்றால் அறுபதிலும் எழுபதிலும் ஏன் முடியாது?

நம் வீட்டில் எடைக்கட்டி வேண்டியதில்லை. உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றியே தொடங்கட்டும். காலையிலும் மாலையிலும் சற்று நடக்கட்டும். இருதய நோயோ மூட்டுவலியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். பல பேருக்கு வீட்டுக் கொல்லையில் நாலு கீரைப் பாத்தி போதும். அவர்கள் கேட்பதும் அதுதான். மண்வெட்டியைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். பல் போன பிறகு, தேத்தண்ணியும் ரொட்டியுமே மூன்று வேளை ஆகாரமாகிவிடுகிறது. அதில் வயிறு நிரம்புமே தவிர, தசைக்கு ஒன்றும் கிடைக்காது. முட்டை, மீன், பருப்பு, தெம்பே இவற்றில் ஏதாவது ஒன்று மெல்ல எளிதான வகையில் வேளைதோறும் தட்டில் இருக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகத்தான் தெரியும். போதாததற்கு, "அடிக்கடி பாத்ரூம் போகணுமே" என்று பயந்து தண்ணீரையே தவிர்ப்பார்கள். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவரையில், தாகம் எடுக்காவிட்டாலும் வேளை பார்த்து நீங்களே கொடுத்துவிடுங்கள்.

ஒரு வழுக்கல், ஒரு வாழ்க்கை

முதியவர்களுக்கு விழுவதைப்போன்ற பெரிய சத்துரு வேறில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக மெலிகிறது. அந்த நிலையில் இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழைய நடமாட்டத்திற்குத் திரும்புவதே இல்லை. படுக்கையாகக் கிடப்பதால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும்.

"தலையெழுத்து" என்கிறோம். இல்லை, விழுவதற்குக் காரணங்கள் உண்டு. இரவு படுக்கையிலிருந்து திடீரென எழும்போது இரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலை சுற்றும். இரத்தக் கொதிப்பு மருந்தும் தூக்க மாத்திரையும் எடுப்பவர்களுக்கு இது அதிகம். கட்டிலோரம் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பாதி ஆபத்து போயிற்று. தேய்ந்த சிலிப்பரை இன்றே குப்பையில் போடுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். பழைய லயத்து வீடுகளில் கழிவறை பின்புறம் தள்ளி இருக்கும். அந்தப் படியிலும் பாசியிலும்தான் பல இடுப்புகள் உடைந்தன. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பி அடிக்க எவ்வளவு செலவாகும்? ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

கண்ணும் காதும்

கிட்டப் பார்வை மங்குவது 40க்கு மேல் எல்லாருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் தீர்ந்தது. கண்புரை வேறு. கண்ணுக்குள் இருக்கின்ற வில்லை மெல்ல மெல்ல வெளுத்துப்போவதே கண்புரை. விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், வெயிலில் கண் கூசும், ஆளை மங்கலாகத்தான் அடையாளம் தெரியும். உலகில் அதிகம் பேர் பார்வை இழப்பதற்குக் கண்புரைதான் முதற்காரணம். அதே நேரத்தில், ஒரு சிறிய அறுவைச் சிகிச்சையில் மங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லை வைத்துப் பார்வையைத் திரும்பக் கொடுக்க முடிவதும் இதில்தான். இனிப்புநீர் உள்ளவர்கள் கதை வேறு. வலியில்லாமலேயே கண்ணின் உட்திரை கெட்டுவிடும். அப்படிக் கெட்ட பார்வையை முழுதாக மீட்பது கடினம். ஆகவே, நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்டியே ஆகவேண்டும்.

காதைப் பற்றி நாம் நினைப்பதே தவறு. "தாத்தாவுக்கு வேண்டியது மட்டும் காதில் விழும்" என்று கேலி செய்கிறோம். வயதில் முதலில் மறைவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான். குரல் கேட்கும், சொல் விளங்காது. 'பால்' என்றால் 'கால்' என்று கேட்கும். பெண்கள் பேச்சும் குழந்தைகள் பேச்சும் ஆண்கள் பேச்சைவிடக் குழப்பும். நாம் கத்தினால் இன்னும் கீச்சாகி, திட்டுவதாகவே அவருக்குப் படுகிறது. என்ன செய்யலாம்? தொலைக்காட்சியை நிறுத்துங்கள். முகத்துக்கு நேரே நின்று, தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று கிளினிக்கில் பார்க்கச் சொல்லுங்கள். காது கேளாமையைக் கவனிக்காமல் விடுவது பிற்கால ஞாபக மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில் ஒன்று என்று மருத்துவர்கள் இப்போது எச்சரிக்கிறார்கள். பேச்சு விளங்காத மனிதர் மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிடுவார்; அதுதான் பெரிய ஆபத்து.

மறதியா? மறதி நோயா?

இனி மூளைக்கு வருவோம். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியல் அறிஞர் 1940களில் ஓர் உண்மையை எடுத்துச் சொன்னார். அறிவு இரண்டு வகை. புதியதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் வேகம் ஒன்று. வாழ்ந்து சேர்த்த அறிவு மற்றொன்று. முதலாவது வயதோடு குறையும். இரண்டாவது நெடுங்காலம் நிலைத்து நிற்கும். அதனால்தான், புதுக் கைத்தொலைபேசியை மூன்று முறை சொல்லிக்கொடுத்தும் தடுமாறுகின்ற அதே பெரியவர், மேகத்தைப் பார்த்து "இன்னைக்குப் பால் வெட்ட முடியாது" என்று சரியாகச் சொல்லிவிடுகிறார். அவர் மந்தமாகிவிடவில்லை. அவருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

சின்னப் பேரனைக் கூப்பிட நினைத்து, மற்ற பேரன்கள் பெயரையெல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் சரியான பெயருக்கு வருவது இயல்பான மறதி. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் இயல்புதான். ஆனால், நாற்பது ஆண்டுகளாக வைத்த ரசத்தை எப்படி வைப்பது என்று தெரியாமல் பாட்டி அடுப்பின் முன் திகைத்து நின்றால்? பழகிய கடைக்குப் போன தாத்தா வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால்? சற்று முன் கேட்ட கேள்வியையே பத்து முறை கேட்டால்? இது வயது அல்ல; வியாதி.

1906ஆம் ஆண்டு ஜெர்மனியில் அலாய்ஸ் ஆல்ஸைமர் என்ற டாக்டர் இந்த வியாதியை முதன்முதலில் விவரித்தார். அவர் கவனித்த நோயாளி எத்தனை வயது மூதாட்டி என்று நினைக்கிறீர்கள்? ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அந்த அம்மாளுக்கு வயது 51தான்! மறதி நோய் முதுமையில் அதிகம் வருகிறது என்பது உண்மை. ஆனால், முதுமையும் அந்நோயும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த நோய் நம் வீடுகளில் எப்படித் தலைகாட்டுகிறது தெரியுமா? பெரும்பாலும் மாமியார் மருமகள் சண்டையாகத்தான்! மாமியார் தம் சங்கிலியை அரிசி டின்னில் ஒளித்து வைப்பார். ஒளித்ததை மறந்துவிடுவார். "மருமகள் எடுத்துட்டா" என்பார். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டில் போய், "எனக்குச் சோறே போடுறதில்லை" என்று அழுவார். ஊர் மருமகளைத் தூற்றும். மகன் இரண்டு பக்கமும் தவிப்பான். நல்ல குடும்பங்கள் இதனால் பிரிந்திருக்கின்றன. அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. நினைவில் ஏற்பட்ட ஓட்டையை மனம் அப்படி அடைத்துக்கொள்கிறது. மருமகளும் குற்றவாளியல்ல. "நான் எடுக்கலை" என்று வாதாடிப் பயனில்லை. "வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். அக்கம்பக்கத்தாருக்கு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். பிறகு டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டரிடம் காட்டி என்ன பயன் என்கிறீர்களா? மறதியெல்லாம் ஆல்ஸைமர் வியாதி அல்ல. தைராய்டு குறைவாலும், பி12 வைட்டமின் குறைவாலும், மன வாட்டத்தாலும் மறதி வரும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. சுத்த சைவ உணவுக்காரர்களுக்கும், இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம்.

முக்கியமாக ஒன்றை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று வரை தெளிவாக இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று உளறினால், ஆளைத் தெரியாமல் விழித்தால், இல்லாததைக் கண்டு பேசினால், அது பேயுமல்ல, சாமியுமல்ல! சிறுநீரில் கிருமி, நெஞ்சுச் சளி, உடம்பில் நீர் வற்றுதல், புதிய மருந்து, சர்க்கரை இறங்குதல், பக்கவாதம் என்று ஏதேனும் ஒன்று இருக்கும். தாயத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பேச்சுத் துணை எங்கே?

உடம்பும் மூளையும் நன்றாக இருந்தும் பலர் வாடிப்போகிறார்கள். ஏன்?

தோட்டத்து வாழ்வில் வறுமை இருந்தது, அவமானம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தனிமை இருந்ததில்லை. குழாயடியில் பேச்சு, மாலையில் லயத்து வாசலில் பேச்சு, கோயில் திருவிழாவில் வேலை. ஆயாக் கொட்டகையில் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வளர்த்த கிழவிகளுக்கு லயம் முழுவதும் பேரப்பிள்ளைகள்! பிறகு, தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது என்ன நடந்தது? நாலாம் மாடியில் இரண்டறை வீடு. மின்தூக்கி இல்லை, இருந்தாலும் பழுது. மகனும் மருமகளும் விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் கையில் தொலைபேசி. மூட்டு வலிக்காரப் பாட்டி மாதக்கணக்கில் தரையை மிதிப்பதில்லை. ஆயிரம் பேரை அறிந்த மனுஷி, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஆண்கள் பாடு இன்னும் மோசம். வேலைதான் அவர்களுக்கு அடையாளமாக இருந்தது. மனைவியும் போய்விட்டால் சிலர் சம்சுவிடம் போய்ச் சேருகிறார்கள். சாப்பாடு குறைவது, குளிக்கச் சலிப்பது, "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்பது இவையெல்லாம் முதுமையின் லட்சணம் அல்ல. மனச்சோர்வு என்ற நோயின் அடையாளங்கள். "சாகணும்" என்று ஒருவர் சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள். உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சிகிச்சை இருக்கிறது.

எரிக் எரிக்சன் என்ற அறிஞர் 1950இல் வெளியிட்ட நூலில், மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். கடைசிப் பருவத்தில் மனிதன் திரும்பிப் பார்க்கிறான். "நான் வாழ்ந்தது வீண் போகவில்லை" என்ற நிறைவுக்கும், "எல்லாம் வீணாயிற்று" என்ற கசப்புக்கும் இடையே ஊசலாடுகிறான் என்றார். பெரியவர்கள் ஒரே பழங்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் இதுவாகவும் இருக்கலாம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் முள்வேலிக்குள் வளர்ந்த கதை, பத்து வயதில் மங்கு துடைக்கப் போன கதை இவற்றைச் சொல்லும்போது, தம் வாழ்க்கைக்கு ஒரு கணக்குப் பார்க்கிறார்கள். "இதை நூறு தடவை சொல்லிட்டீங்க" என்று வெட்டிவிடாதீர்கள். பேரப்பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், எல்லாவற்றையும் எழுதட்டும். அவர்களுக்குப் பிறகு சொல்வதற்கு ஆளில்லை.

காசு விஷயத்தில் கவனம்

1951ஆம் ஆண்டில் தொடங்கிய ஊழியர் சேமநிதிதான் நம் மக்களில் பலருக்கு ஒரே சேமிப்பு. 55 வயதில் அதை எடுக்கலாம் என்பது உரிமை. எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமல்ல. உள்ளேயே விட்டு வைத்தால் ஈவுத்தொகை சேர்ந்துகொண்டிருக்கும். வேண்டும்போது வேண்டியதை மட்டும் எடுக்கலாம். மொத்தமாக எடுத்து மகனுக்கு மோட்டார் சைக்கிள், மகள் கல்யாணம், யாரோ சொன்ன "இரட்டிப்பு லாபத் திட்டம்" என்று கொடுத்துவிட்டு, பிறகு மாத்திரை வாங்கப் பிள்ளையிடம் கையேந்தி நின்றவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகளே, அந்தப் பணத்தின் மேல் கண் வைக்காதீர்கள். பெரியவர்களே, உங்களுக்குப் பின் யாருக்குச் சேரவேண்டும் என்று பெயர் கொடுத்து வைத்துவிடுங்கள்; இல்லையேல் குடும்பம் அலைய நேரிடும்.

ஆதரவற்று, வருமானமில்லாமல் இருக்கின்ற 60 வயதினருக்குச் சமூக நல இலாகா மாத உதவித்தொகை கொடுக்கிறது. அந்த இலாகாவின் ஆதரவில் முதியோர் நடவடிக்கை மையங்களும் நடக்கின்றன. அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால், மனு எழுதிக் கொடுத்து உதவுங்கள். பிறப்புப் பத்திரம் எடுக்காத காரணத்தால் சிவப்பு அடையாள அட்டையோடே கிழமாகிவிட்டவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் பத்திரங்களைத் தேடிச் சேர்க்கும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

பார்த்துக்கொள்பவரையும் பாருங்கள்

ஐந்து பிள்ளைகள் இருந்தாலும், பெற்றவளைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான். மற்றவர்கள் தீபாவளிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "அம்மா ஏன் இளைச்சுப் போயிட்டாங்க?" என்று குறை கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு உடம்பு வலிக்காதா? தூக்கம் வராதா? மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து பார்த்துக்கொண்டு அவளை வெளியே அனுப்புங்கள். முடியாத தூரத்தில் இருப்பவர்கள் பணமாவது அனுப்புங்கள். எதுவுமே செய்ய முடியாதவர்கள் குறை சொல்லாமலாவது இருங்கள்!

வாசகர்களே, இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர் சாப்பிடுகின்ற எல்லா மருந்துகளையும், கிளினிக் மாத்திரை, கடை மாத்திரை, நாட்டு மருந்து அனைத்தையும், ஒரு பையில் போட்டு அவரோடு டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள். வயதான சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும்; ஒன்றோடொன்று சேராத மருந்துகளும் உண்டு. போன இடத்தில் கண், காது, கால் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லும் தகுதி, சோதித்துப் பார்த்த பிறகு டாக்டருக்கு மட்டுமே உண்டு. நமக்கில்லை.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். குருத்து சிரிக்க வேண்டாம்; பழுத்த ஓலை தானாக உதிரும்வரை, காற்றில் முறியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.